முறைப்பாடு சொல்லாத உலாவி

பழைய விண்டோஸ் ஓடும் ஒரு கணினியில் இணையப் பக்கங்கள் எல்லாம் சத்தமில்லாமல் திறந்தால், முதலில் விசைப்பலகையிலிருந்து கையை எடுங்கள். சந்தோஷப்படுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கணினி பராமரிப்புக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவங்களில் ஒன்றை எழுதித் தரும்படி உங்கள் சங்கத்தார் கேட்டார்கள். முப்பத்தொரு வருடம் அரச அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்தவன், ஓய்வுபெற்ற பிறகும் கூப்பிட்ட இடத்துக்குப் போகிறவன், ஆகவே நிறையத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்தவை அநேகமாகப் பயங்கள்தான். அவற்றில் ஒன்றைத் தருகிறேன்.

பழைய விண்டோஸைக் கண்டவுடன் அதை அழித்துப் புதியதைப் போட்டால் சரி என்று உங்களில் பலர் சொல்கிறீர்கள். போட முடியாத இடங்கள் இருக்கின்றன. நெல் ஆலையில் லொறி நிறுக்கும் தராசு, பல் வைத்தியரின் எக்ஸ்ரே, இரத்தம் பரிசோதிக்கும் இயந்திரம் என்று ஏதாவது ஒன்று அந்தக் கணினியில் கொழுவப்பட்டிருக்கும். அதன் மென்பொருள் புதிய விண்டோஸில் எழும்பாது. புதிய இயந்திரம் வாங்க உரிமையாளருக்கு மனம் வராது. எங்கள் மட்டக்களப்பில் செங்கலடியிலிருந்து களுவாஞ்சிக்குடி வரைக்கும் இப்படிப்பட்டவை இருபத்துமூன்று என்று நான் எண்ணி வைத்திருக்கிறேன். நான் போகாத கட்டடங்களில் இன்னும் இருக்கும்.

இந்தக் கணினிகளைப் பெரிய உலாவிகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டன. உலாவி பழையதாகிப் போனால் வங்கியின் பக்கமும் திறக்காது, திணைக்களத்தின் பக்கமும் திறக்காது. அந்த வெற்றிடத்துக்கு வந்தவைதான் ஆர்வலர்கள் கூடிப் பராமரிக்கும் உலாவிகள். எல்லோருக்கும் திறந்திருக்கும் மூலநிரலை எடுத்து, பழைய விண்டோஸிலும் ஓடும்படி திருத்தி, இலவசமாக வெளியிடுகிறார்கள். யாரோ ஒருவர் எங்கோ ஒரு நாட்டில், தன் வேலை முடிந்து வந்து செய்கிறார்.

நான் இவற்றை உடனே நம்பிவிடவில்லை. சம்பளம் இல்லாமல் ஒருவர் எனக்காக ஏன் மினக்கெட வேண்டும்? அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பக்கத்தை வாரக்கணக்கில் வாசித்தேன். திருத்தங்களுக்குக் கீழே இருந்த பெயர்களை எண்ணினேன். ஐந்து. அதிலும் பெரும்பங்கு வேலை ஒரே பெயரில் நடந்திருந்தது. அந்த மனிதருக்கு டெங்குக் காய்ச்சல் வந்தால் எங்கள் இருபத்துமூன்று கணினிகளும் என்ன ஆகும் என்று யோசித்து நித்திரை கெட்டதும் உண்டு. ஆனாலும் அவர்கள் செய்வதெல்லாம் வெளியில் தெரியும்படி செய்கிறார்கள். ஒவ்வொரு பதிப்போடும் அதன் கைரேகை மாதிரி நீண்ட எழுத்துத் தொடர் ஒன்றையும் பக்கத்தில் போடுகிறார்கள். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் தொடர் வேறாகிவிடும். மறைக்க நினைப்பவன் இவ்வளவைக் காட்டமாட்டான் என்று ஓரளவுக்குச் சமாதானமானேன். ஓரளவுக்குத்தான்.

இனிச் சம்பவத்துக்கு வருகிறேன்.

களுவாஞ்சிக்குடியில் தவராசா என்றொருவர் சிறிய இரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறார். பெயரை மாற்றியிருக்கிறேன், மற்றவர்களுடைய பெயர்களையும்தான். ஒரு திங்கட்கிழமை காலை அவர் என்னை அவசரமாகக் கூப்பிட்டார். போனபோது வாசல் இரும்புக் கதவைப் பாதி இழுத்துவிட்டு எனக்காக நின்றார். உள்ளே போகுமுன்பே கதையைச் சொல்லி முடித்துவிட்டார்.

பழுகாமத்தில் சாமித்தம்பி என்றொரு விவசாயி. சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும்படி டொக்டர் சொல்லியிருக்கிறார். முந்திய வியாழக்கிழமை காலை வந்து இரத்தம் கொடுத்துவிட்டு, பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டித் தன் ஊருக்குத் திரும்பிவிட்டார். பின்னேரம் வந்து முடிவை எடுப்பதாக ஏற்பாடு. அதற்குள் அவருடைய போனுக்கு ஓர் அழைப்பு வந்தது. தேன் மாதிரி ஒரு குரல், அவருடைய கிரியேட்டினின் இரண்டு தசம் ஒன்று என்று சொன்னது. இப்படியே விட்டால் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டி வரும், எங்களிடம் மூலிகைக் குளிசை இருக்கிறது, பார்சலில் அனுப்புகிறோம் என்றது. சாமித்தம்பி பின்னேரம் வந்து ரிப்போட்டைப் பிரித்துப் பார்த்தார். இரண்டு தசம் ஒன்று.

“நான் பாக்கமுதல் என்ட ரத்தத்த ஆரு பாத்த?” என்று காத்திருந்தவர்களுக்கு நடுவில் நின்று கேட்டிருக்கிறார்.

தவராசா அந்த இடத்திலேயே திரும்பித் தன் தொழில்நுட்பவியலாளர் மெலனியைக் காட்டியிருக்கிறார். இரத்தம் எடுப்பதும் அவர், இயந்திரத்தில் வைப்பதும் அவர், முடிவை இணையத்தில் ஏற்றுவதும் அவர். வேறு யாருக்கும் தெரிய வழியில்லை என்று ஆட்களுக்கு முன்னால் சொல்லியிருக்கிறார். மெலனி மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர் குடும்பத்துப் பெண். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். நான்கு வருடமாக அங்கே வேலை. வருகிற வெள்ளிக்கிழமை பொலிசில் முறைப்பாடு கொடுக்கப்போவதாகத் தவராசா சொன்னார். அப்படிக் கொடுத்துவிட்டால் அந்தப் பெண்ணை இந்த மாவட்டத்தில் எந்த ஆய்வுகூடமும் இனி எடுக்காது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“அதுக்கு என்னை ஏன் கூப்பிட்ட நீங்க?” என்று கேட்டேன்.

“அண்ணன், கொம்பியூட்டரக் கழுவித் துடைச்சி, எல்லாத்தையும் புதுசாப் போட்டுத் தாங்க. அவ ஏதும் செஞ்சு வெச்சிருந்தாலும் அதோட போயிரும்.”

கணினியைத் துடைக்கச் சொல்லி அவசரப்படுத்தும் ஆளை நான் எப்போதும் இரண்டு தடவை பார்ப்பேன். துடைத்துவிட்டால் களவு எப்படி நடந்தது என்பதும் சேர்ந்து போய்விடும். பிறகு மிஞ்சுவது ஒருவரின் சொல்லும் மற்றவரின் சொல்லும்தான். இதில் எந்தச் சொல் வெல்லும் என்று சொல்லத் தேவையில்லை, கட்டடம் தவராசாவுடையது. வெள்ளிக்கிழமை வரைக்கும் எதையும் அழிக்கமாட்டேன் என்று சொன்னேன். அவருக்கு முகம் மாறிவிட்டது. நான் மனதில் போட்டு வைத்திருந்த சந்தேகப் பட்டியலில் அவருடைய பெயரையும் சேர்த்துக்கொண்டேன். மெலனியின் பெயர் ஏற்கெனவே இருந்தது. முறையிட ஆளில்லாத பெண் என்பதற்காக ஒருவரைப் பட்டியலிலிருந்து எடுப்பது எங்கள் தொழில் அல்ல.

கணினி இருந்த அறையில் மெலனி எழுந்து எனக்குக் கதிரையைத் தந்தார். முகத்தில் அழுத அடையாளம் இல்லை. அதையும் சந்தேகமாகத்தான் பார்த்தேன். அழுதிருந்தால் அதையும் சந்தேகித்திருப்பேன்.

முதலில் என் கண்ணில் பட்டவை இரண்டு. ரிப்போட்டில் பெயர், வயது, அளவு எல்லாம் அழகாக அச்சாகியிருக்க, திகதி மாத்திரம் ரப்பர் முத்திரையால் குத்தப்பட்டிருந்தது. மற்றது, திரையின் அடியில் எப்போதும் தெரிகிற பட்டி தெரியவில்லை. யாரோ அதை மறைத்து வைத்திருந்தார்கள். திரையில் பதினெட்டுச் சின்னங்கள் இருந்தன. அவற்றில் இரண்டு ஒரே மாதிரியானவை. நான் மேலே சொன்ன ஆர்வலர் உலாவிதான். ஒரே பெயர், ஒரே படம், இரண்டு தடவை.

“ரெண்டு எதுக்கு?” என்று கேட்டேன்.

“மேல இருக்கிறது சரிவராது சேர். சும்மா சும்மா பிழை சொல்லும். கீழ இருக்கிறதுதான் நல்லது. அது ஒண்டும் சொல்லாது.”

மேலே இருந்ததை அழுத்தினேன். ஆய்வுகூடங்கள் டொக்டர்மார் பார்ப்பதற்காக முடிவுகளை ஏற்றும் இணையப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தேன். உலாவி கதவை அடைத்ததுபோல நின்றது. இந்தத் தளத்தின் அடையாளச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை, உங்கள் கணினியின் திகதி சரியா என்று பாருங்கள் என்றது. கீழே இருந்ததை அழுத்தினேன். பக்கம் உடனே வந்தது. முனகல் இல்லை.

சுட்டியைத் திரையின் அடிக்குக் கொண்டுபோனேன். மறைந்திருந்த பட்டி மேலே வந்தது. மூலையில் இருந்த திகதி எட்டு வருடம் பின்னால் நின்றது.

இந்த இடத்தில் உங்களை நிறுத்துகிறேன். பூட்டுப் படம் போட்ட பக்கங்களைத் திறக்கும்போது, எதிரில் இருப்பது உண்மையான தளம்தானா என்று உலாவி சான்றிதழைப் பார்க்கிறது. சான்றிதழுக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. எட்டு வருடம் பின்னால் நிற்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் பிறக்காத பிள்ளை. நேர்மையான எந்த உலாவியும் அங்கே முறைப்பாடு சொல்லியே ஆக வேண்டும். முறைப்பாடு சொல்லாத உலாவி சான்றிதழைப் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம். சான்றிதழைப் பார்க்காவிட்டால் நடுவில் யார் உட்கார்ந்து வாசித்தாலும் அதற்குக் கவலை இல்லை. அந்த ஆய்வுகூடத்தில் இருந்தவர்களோ பிழை சொன்னதைப் பழுதென்றும், பேசாமல் இருந்ததை நல்லதென்றும் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

திகதியை இன்றைக்கு மாற்றினேன். மேலே இருந்த உலாவியில் பக்கம் சுகமாகத் திறந்தது. அதோடு முடிந்தது என்று எழும்பியிருந்தால் பாதிக் கதையைத்தான் கண்டிருப்பேன். ஒன்றைத் திருத்தினால் வேறு எது உடைகிறது என்று பார்க்கிற வழக்கம் எனக்கு உண்டு. இரத்தப் பரிசோதனை இயந்திரத்தின் மென்பொருளைத் திறந்தேன். அனுமதிக்காலம் முடிந்துவிட்டது, முகவரோடு தொடர்புகொள்ளவும் என்று சொல்லி மூடிக்கொண்டது.

நான் மெலனியைப் பார்த்தேன். அவர் கதவைப் பார்த்தார்.

“அதைத் தொட வேணாமெண்டு முதலாளி சொன்னவர் சேர்,” என்றார் மெதுவாக. “மாசத்துக்கு ஒருக்கா நான்தான் பின்னுக்குத் தள்ளி விடுற. வெளியில சொன்னா வேலை இல்லையெண்டவர்.”

மிச்சத்தையும் சொன்னார். மென்பொருளின் அனுமதியைப் புதுப்பிக்கத் தவராசாவுக்கு மனம் வரவில்லை. அதனால் கணினியைப் பழைய வருடத்திலேயே கட்டிப் போட்டார்கள். அச்சாகும் பழைய திகதியை மறைத்து, இன்றைய திகதியை முத்திரையால் குத்தினார்கள். பெரிய உலாவி வேலை செய்யாமல் போனபோது, தவராசாவின் மருமகன் கொழும்பிலிருந்தபடியே இணையம் வழியாக ஆர்வலர் உலாவியைப் போட்டுக்கொடுத்தார். அது திகதி பிழை என்றது. திகதியை மாற்ற முடியாது. “பிழை சொல்லாத ஒண்டப் போட்டுத் தா” என்று தவராசா கேட்க, மருமகன் எங்கேயோ தேடி, அதே பெயரில், அதே படத்தோடு, ‘பிழைச் செய்தி வராத பதிப்பு’ என்று வேறு பக்கத்தில் கிடந்த ஒன்றை எடுத்துப் போட்டிருக்கிறார். எல்லோருக்கும் நிம்மதி.

கேட்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் சரியாக இருக்கும் கதை என்றால் எனக்கு இன்னும் பயம். இந்தப் பெண் திகதி விஷயத்தை இவ்வளவு காலம் மறைத்தவர். வேறு எதை மறைக்கிறார்? உலாவியில் ஓட்டை இருப்பதனால் அவர் நம்பர்களை விற்கவில்லை என்று ஆகிவிடுமா? தவராசா விற்கவில்லை என்று யார் சொன்னது? நல்ல உலாவி என்று நான் சொல்வதை ஐந்து பேர் சேர்ந்து செய்கிறார்கள், அந்த ஐந்து பேரில் ஒருவர் கெட்டவராக இருந்தால்? மூன்று வழிகள் இருந்தன. தாள் வழியாகப் போயிருக்கலாம். அதாவது மெலனி அல்லது தவராசா. மேலே இருந்த உலாவி வழியாகப் போயிருக்கலாம். கீழே இருந்தது வழியாகப் போயிருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு தூண்டில் போட முடிவு செய்தேன். அங்கே யாருக்கும் சொல்லவில்லை. திகதியைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனேன்.

அடுத்த நாள் காலை, இணைய வயரைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லிக் கழற்றி வைத்தேன். அந்த நேரம் வந்தவர்களுக்குத் தாளில்தான் முடிவு கொடுக்க முடிந்தது. அப்படி வந்தவர்களில் ஒருவர் என் மனைவியின் தம்பி குணம். மெலனிக்கும் தவராசாவுக்கும் அவரைத் தெரியாது. ஊசிக்குப் பயந்தவர். முந்திய நாள் வீட்டில் வைத்து, “உங்கட கொம்பியூட்டருக்கு நோய் வருத்தமெண்டா என்ட ரத்தம் எதுக்கு அத்தான்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஆனாலும் வந்தார். ஒரு சாதாரண நோயாளிபோல, ஆட்கள் காத்திருக்கும் முன்வாங்கில் உட்கார்ந்திருந்தார். அவருடைய போன் இலக்கமும் அளவும் மெலனியின் கையிலும் தவராசாவின் மேசையிலும் இருந்தன. இணையத்துக்குப் போகவில்லை.

வயரைத் திரும்பக் கொழுவிய பிறகு, சோதித்துப் பார்ப்பதாகச் சொல்லி மெலனியை வெளியே இருக்கச் சொன்னேன். என் பெயரையும் இலக்கத்தையும் ஒரு கற்பனை அளவோடு மேலே இருந்த உலாவி வழியாக ஏற்றினேன். அதற்காகத் திகதியைச் சரியாக்கி, ஏற்றிய பிறகு பழையபடி வைத்தேன். என் மனைவி பத்மாவின் பெயரையும் இலக்கத்தையும் வேறொரு கற்பனை அளவோடு கீழே இருந்தது வழியாக ஏற்றினேன். இரண்டும் சோதனைப் பதிவுகள், கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அந்தப் பக்கத்தில் முடிவுகளைப் பார்க்கும் நகரத்து டொக்டருக்கு முதலே சொல்லியிருந்தேன். பத்மாவின் அளவு நாலு தசம் ஏழு. அந்த உலாவியில் தட்டியதைத் தவிர அந்த எண்ணை நான் யாருக்கும் சொல்லவில்லை, எங்கும் எழுதவுமில்லை.

அவளுடைய பெயரைப் பயன்படுத்தியதை மட்டும் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் குசினியில் செப்பலி மீன் செதில் சீவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். “வருத்தம் வேணுமெண்டா உங்களுக்கே வெச்சிக்கொள்ள ஏலாதா? எனக்கு எதுக்குக் குடுத்தீங்க?” என்றாள். எனக்கும் ஒன்று வைத்திருக்கிறேன் என்றேன். “ஆர்ட கணக்கு கூட?” என்று கேட்டாள். நான் முன்வாசலுக்கு நழுவினேன்.

மூன்று போன்களையும் நினைத்தபடி பகல் முழுக்க இருந்தேன். என் போனை எடுத்துப் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன். குணத்தை இரண்டு தடவை கூப்பிட்டுக் கேட்டேன். மூன்றாம் தடவை அவர் எடுக்கவில்லை.

பின்னேரம் பத்மாவின் போன் அடித்தது. தெரியாத இலக்கம். நான் சைகை காட்ட, அவள் ஈரக் கையோடு ஒலிபெருக்கியை அழுத்தினாள். அதே தேன் குரலாக இருக்க வேண்டும். அம்மா சுகமா, சாப்பிட்டாச்சா, உங்களுடைய சிறுநீரக முடிவு வந்திருக்கிறது, கவலைப்பட வேண்டாம், எங்களிடம் நல்ல மருந்து இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனது.

“ஓம் மகன்,” என்றாள் பத்மா. “எனக்கு எவ்வளவெண்டு சொல்லுங்க பாப்பம். எங்கட வீட்டு ஐயா எனக்கு எவ்வளவு போட்டவரெண்டு எனக்கே தெரியா.”

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னது: “நாலு தசம் ஏழு அம்மா.”

என் தலைக்குள் இருந்த எண், எங்கேயோ இருக்கிற ஒருவனின் வாயிலிருந்து எங்கள் குசினிக்குள் விழுந்தது.

“அவ்வளவா?” என்று என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்தாள் பத்மா. பிறகு போனிடம் கேட்டாள்: “என்ட நம்பர ஆரு மகன் தந்த?” ஆஸ்பத்திரி என்றது குரல். “எந்த ஆஸ்பத்திரி? எங்க இரிக்கு?” இணைப்பு அறுந்தது.

என் போனுக்கும் குணத்தின் போனுக்கும் எந்த அழைப்பும் வரவில்லை.

ஒரு தடவை நடந்ததைச் சான்று என்று நான் ஏற்பதில்லை. புதன்கிழமை பெயர்களை மாற்றிப் போட்டுத் திரும்பச் செய்தேன். முறைப்பாடு சொல்லாத உலாவி வழியாகப் போன இலக்கத்துக்கே மறுபடியும் அழைப்பு வந்தது. பிறகுதான் கைரேகைத் தொடருக்குப் போனேன். மருமகன் இறக்கிய இரண்டு கோப்புகளும் அந்தக் கணினியிலேயே கிடந்தன. துடைத்திருந்தால் அவையும் போயிருக்கும். ஆர்வலர்களின் பக்கத்தில் இருந்த தொடரை எழுதியெடுத்து, இந்தக் கோப்புகளுக்குக் கணினி கணித்துக் காட்டிய தொடர்களோடு ஒவ்வொரு எழுத்தாகப் பென்சிலால் புள்ளி வைத்து ஒப்பிட்டேன். அறுபத்துநான்கு எழுத்துகள். முதல் கோப்பு அறுபத்துநான்கும் பொருந்தியது. இரண்டாவது முதல் எழுத்திலேயே வேறாக இருந்தது. ஆனாலும் கடைசி எழுத்து வரைக்கும் பார்த்தேன். யாரோ ஆர்வலர்களின் உழைப்பை எடுத்து, சான்றிதழ் பார்க்கும் பகுதியைப் பிடுங்கிவிட்டு, போகும் வழியில் தன் வீட்டு வாசலையும் தொட்டுப் போகும்படி செய்திருக்கிறார். பழைய விண்டோஸோடு மல்லுக்கட்டும் மனிதர்களுக்கு எது வேண்டும் என்று அந்த ஆள் நன்றாகப் படித்திருக்கிறார். அவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டாம், பிழைச் செய்தி வராமல் இருந்தால் போதும்.

வியாழக்கிழமை தவராசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மெலனியும் அங்கே நின்றார். தவராசா முன்வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு, நல்லது, அந்த உலாவியை எடுத்துவிடுங்கள், பொலிசுக்குப் போகமாட்டேன், மெலனி வேலையில் இருக்கட்டும், ஆட்கள் கேட்டால் வைரஸ் வந்தது என்று சொல்வோம் என்றார். திகதி விஷயத்தை மாத்திரம் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டார்.

உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். வேலையைச் சரியாகச் செய்து முடித்திருப்பீர்கள். யாரும் சிறைக்குப் போகவில்லை, யாருக்கும் வேலை போகவில்லை. ஒரு சிறிய பொய்யை மட்டும் விட்டுவிட்டுப் போகச் சொல்வார்கள். நான் வாய் திறக்குமுன் மெலனி திறந்தார்.

“முதலாளி, என்னைக் கள்ளி எண்டு நீங்க சொன்னது ஆக்களுக்கு முன்னால. இல்லையெண்டதையும் ஆக்களுக்கு முன்னால சொல்லுங்க. வைரஸ் எண்டா நான்தான் ஏத்தினதெண்டு கதைப்பாங்க.”

“அப்ப என்ட கடையப் பூட்டச் சொல்லுறியா?”

“நான் ஒண்டும் பூட்டச் சொல்லல்ல. உள்ளதச் சொல்லச் சொல்லுறன்.”

தவராசா என்னைப் பார்த்தார். நானும் ஒரு விஷயத்தைச் சொன்னேன். அந்த உலாவி வழியாகப் போன நோயாளிகள் அத்தனை பேருடைய இலக்கமும் நோய் விபரமும் இப்போது வேறொருவன் கையில் இருக்கின்றன. அவர்களில் எத்தனை பேர் டொக்டர் தந்த மருந்தை விட்டுவிட்டு அந்தக் குளிசையை விழுங்கிக்கொண்டிருக்கிறார்களோ தெரியாது. அவர்களுக்குச் சொல்லாவிட்டால் நான் டொக்டருக்குச் சொல்லுவேன் என்றேன். மிரட்டலாகத்தான் சொன்னேன். அவர் கதவை ஓங்கிச் சாத்திவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது முன்வாங்குகளில் ஒன்பது பேர் இருந்தார்கள். சாமித்தம்பியும் இருந்தார், தவராசா வரச் சொல்லியிருக்கிறார். ஏதாவது மழுப்பல் நடக்கும் என்றுதான் நினைத்தேன். தவராசா நடுவில் வந்து நின்றார். சட்டைப் பையில் இருந்த பேனையை எடுத்து மறுபடியும் வைத்தார். பிறகு சொன்னார். மெலனி எதுவும் செய்யவில்லை என்றார். கணினியின் திகதியைப் பின்னால் வைத்தது தான் என்றும், அதனால் கள்ள உலாவி வந்ததென்றும், எங்களிடம் இரத்தம் கொடுத்தவர்களுக்கு மருந்து விற்க யாரும் போனில் கூப்பிட்டால் நம்ப வேண்டாம் என்றும் சொன்னார். குரல் உயரவில்லை. ஆனால் கடைசி வாங்கு வரைக்கும் கேட்டது.

சாமித்தம்பி தன் கையில் இருந்த பழைய ரிப்போட்டைப் பிரித்தார். முத்திரை குத்திய இடத்தை விரலால் தடவினார்.

“அப்ப இந்தப் புள்ள இல்ல?”

“இல்ல.”

“மிசினுக்குத் திகதியே களவாக் காட்டி இரிக்கிறீங்க. இனி அது சொல்லுற கணக்க நான் எப்பிடி நம்புற?”

தவராசா என் பக்கம் திரும்பினார். அளவுகளுக்கும் திகதிக்கும் தொடர்பில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த இடத்தில் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சந்தேகம் அவருடைய உரிமை. மற்றவர்களும் தங்கள் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இரண்டு பேர் எழும்பி வெளியே போனார்கள்.

சாமித்தம்பியும் எழும்பினார். அவரும் போகிறார் என்று நினைத்தேன். அவர் வெளிவாசலுக்குப் போகவில்லை. உள்ளே, மெலனி நின்ற அறை வாசலில் போய் நின்றார்.

“மனே, திருப்பி ஒருக்கா எடு. எடுத்து டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு, இந்த மிசினில வெக்காத. வேற ஆரும் வந்து என்ட கையத் தொட வேணாம். நீயே எடு.”

மெலனி கையுறைகளை மாட்டினார். ஒரு விரல் சரியாக நுழையாமல் மறுபடியும் இழுத்து மாட்டினார். சாமித்தம்பி கதிரையில் இருந்து சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டினார். வயல் வட்டையில் வெயில் குடித்த கை. நரம்பு தேடத் தேவையில்லை.

“கைய இறுக்கிப் பொத்துங்க ஐயா,” என்றார் மெலனி.

அவர் பொத்தினார். முகத்தை மறுபக்கம் திருப்பவில்லை.